மாட்டுக்கு அரைத்த மஞ்சள்

மஞ்சளின் அருமை பெருமையை என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். மஞ்சள் விளையும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். நட்டு, களை பிடுங்கி, தோண்டி, வேகவைத்து, காயவைத்து, பல வருஷம் என் நகக்கண்ணில் அந்த நிறம் போனதே இல்லை.

சளி பிடித்தால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்போம். இருமலுக்கு மிளகோடு தட்டிப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிப்போம். அடிபட்டு வீங்கினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவோம். அம்மை இறங்கினால் வேப்பிலையோடு அரைத்து உடம்பெல்லாம் பூசித் தலைக்கு ஊற்றுவோம். காட்டுக்குத் தண்ணீர் கட்டிக் கட்டிக் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியோடு சேர்த்து வைத்துக் கட்டுவோம், மூன்றே நாளில் காயும். எங்கள் மாமியாருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஊரில் யாருக்குப் புண் என்றாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

அந்த வீட்டில்தான் எங்கள் அக்காவின் கால் அழுகியது. மஞ்சள் அம்பாரமாகக் குவிந்து கிடந்த தை மாசத்தில் அழுகியது.

அக்கா என்பது என் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அறுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். அதற்குள் வெள்ளைச் சீலை. கிணற்றில் பாறைக்கு வெடி வைத்தபோது அவள் புருஷன் மேலே ஏறி வருவதற்குள் வெடித்துவிட்டது. அந்தப் பாறை உடைந்த பிறகுதான் கிணற்றில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் மஞ்சள் நட ஆரம்பித்தார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரு வேலைக்காரிதான் சொன்னாள்.

தாலி அறுத்தவள் மஞ்சள் பூசக் கூடாது. இது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மாமியார் அதை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். மருந்துக்குக்கூட உடம்பில் வைக்கக் கூடாது. ஆனால் அக்கா மஞ்சள் காட்டில் களை வெட்டலாம். கிழங்கு பொறுக்கலாம். வேகவைக்கலாம், கை மஞ்சளாகலாம், அது வேலை. குழம்பில் போட்டுச் சாப்பிடலாம், அது சோறு. புண்ணில் வைத்தால் மட்டும் அது மஞ்சள் பூசுவது. பூசினால் வீட்டில் இன்னொரு தாலி போகும். அந்த வீட்டில் தாலி இரண்டுதான். ஒன்று மாமியாருடையது, இன்னொன்று என்னுடையது. அவர் சொன்னது என்னுடையதை.

அந்த வருஷம் தோண்ட ஆள் கிடைக்கவில்லை. அக்காவே மண்வெட்டி எடுத்தாள். அவள் இடது காலில் ஏற்கெனவே சேற்றுப்புண். மண்வெட்டி வழுக்கிப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இறங்கியது. வரப்பில் இருந்த கிணற்றுப்பூண்டுத் தழையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதிப் பாத்தியையும் தோண்டினாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கொப்பரை வந்துவிட்டது. மஞ்சள் வேகவைக்கிற பெரிய செப்புக் கொப்பரை எங்கள் ஊரில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒன்றுதான். முறை போட்டு எடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். விட்டால் மற்ற மூன்று வீடும் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும், அதற்குள் குவித்த கிழங்கு புழுங்கிக் கெட்டுவிடும். அதனால் முறை வந்த வீட்டில் யாராவது செத்தாலும் எடுத்துப் போட்டுவிட்டு வேகவைப்பார்கள். நிறம் ஏறும் என்று தண்ணீரில் சாணியைக் கரைத்து ஊற்றுவது அந்தக் காலத்து வழக்கம். வெந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சாய்த்தால் அடுப்பைச் சுற்றிச் சேறு. அந்தச் சேற்றில் விடிகாலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று கிழங்கை வாரியவள் அக்கா. கால் கட்டு சாணித் தண்ணீரில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறும்.

இரண்டு நாளில் கால் புறங்கால்வரை வீங்கியது. பக்கத்தில் போனால் வாடை அடித்தது.

அதே சமயம் எங்கள் செவலைக் காளைக்கும் புண். கிணற்றுக் கவலையில் தண்ணீர் இழுத்து இழுத்து நுகத்தடி பட்ட கழுத்தில் தோல் உரிந்து சதை தெரிந்தது. மாமியார் நல்ல குண்டு மஞ்சளாகப் பார்த்து எடுத்து, அம்மியில் மையாக அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்து, அவரே கொண்டுபோய்ப் போட்டார். காளை தலையை உதறியது.

"எஞ்சாமி, எங்கண்ணு, எரியுதாடா? கொஞ்சம் பொறுத்துக்கடா. ரெண்டே நாளு, ஆறிப்போவும்" என்று ஊதி ஊதித் தடவினார். அந்தக் குரலில் அவர் வேறு யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா பத்தடி தூரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து விரலி வேறு, குண்டு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தை, அதுல துளி அக்காளுக்கும் வெச்சா என்னாங்க? கால் ரொம்ப வீங்கிக் கெடக்குதுங்க."

மாமியார் திரும்பவே இல்லை. "மாட்டுக்கு வெச்சா மருந்துடி. அவளுக்கு வெச்சா சிங்காரம்."

"புண்ணுக்குத்தானுங்க அத்தை."

"இன்னிக்கிப் புண்ணுக்கும்பா. நாளைக்கி மொகத்துல பரு வந்துச்சும்பா. அப்புறம் பூவு கேப்பா. ஏன்டி, நீ எட்டாவது படிச்சவதான? ஒன் தாலிய நீயே அறுத்துக்கறதுக்கா ஒன்ன எம் மவனுக்குக் கட்டிவெச்சேன்?"

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "பொம்பளைங்க சமாசாரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா குனிந்த தலை நிமிராமல், "வுடு கண்ணு. அத்தை சொல்றது சரிதான். எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றாள். அவளிடம்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

மஞ்சள் போட்ட பாலாவது குடிக்கட்டும், உள்ளே போவது தப்பில்லையே என்று கேட்டேன். அதற்கும் கிடைக்கவில்லை. அங்கே தடை மஞ்சளுக்கு இல்லை, பாலுக்கு.

அன்று மத்தியானம் மாமியார் படுத்திருந்தபோது, மாட்டுக்கு அரைத்ததில் மிச்சம் இருந்த கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். அக்காவையும் இழுத்துப் போனேன்.

"வேணாம் கண்ணு. ஒன்ற வூட்டுக்காரருக்கு ஆவாது."

"மாட்டுக்கு ஆவுது, ஒனக்கு ஆவாதா?"

"மாட்டுக்கு எவன் தாலி கட்டுனான், அறுக்கறதுக்கு?" என்று சிரித்தாள். வாய்விட்டுச் சிரிப்பாள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

கட்டை அவிழ்த்தேன். புண்ணைப் பற்றி எழுதப் போவதில்லை. வெந்நீரில் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் அப்பி, சுத்தமான துணியால் கட்டினேன். எரிச்சலில் அவள் என் தோளைப் பிடித்தாள். அந்த விரல் தடம் சாயங்காலம்வரை இருந்தது.

தினம் ஒரு தடவை என்று நாலு நாள் வைத்தேன். நாலாம் நாள் வீக்கம் வற்றிப் புறங்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. வாடை நின்றது. ஓரத்தில் புதுத் தோல் சிவப்பாகக் கட்ட ஆரம்பித்தது. வெந்நீரா, சுத்தத் துணியா, மஞ்சளா, வேப்பெண்ணெயா, எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. கால் ஆறியது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. கட்டில் ஆடும்படி நடுக்கம். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. எங்கள் பக்கம் மலைக்காய்ச்சல் எல்லா வருஷமும் வரும், எல்லா வீட்டுக்கும் வரும். ஆனாலும் மிஞ்சியிருந்த ஒரே மகன் அப்படிக் கிடப்பதைப் பார்த்ததும் மாமியார் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கொப்பரை அடுப்புக்குப் போனார். அக்கா முன்னால் நின்றார்.

"காலக் காட்டுடி."

அக்கா காட்டினாள். கட்டுத்துணி மஞ்சள்.

"என்னாடி இது?"

"வேலையில பட்டதுங்க அத்தை. கொப்பரைத் தண்ணி தெறிச்சது."

மாமியார் குனிந்து கட்டை உருவி மூக்கருகில் கொண்டுபோனார். ஊருக்கே மருந்து அரைக்கிறவர். அவர் மூக்கை ஏமாற்ற முடியுமா?

"கொப்பரையில வேப்பெண்ண எங்கடி வந்துச்சு?"

அக்கா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"யாரு குடுத்தா?"

நான் அடுப்புக்கு மஞ்சள் சருகு தள்ளிக்கொண்டிருந்தேன். நாலடி தூரம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் தெரிந்துவிடும் என்று திரும்பவில்லை.

"நானேதாங்க எடுத்தேன்."

"அவன் போயி மூணு வருசம்கூட ஆவல, ஒனக்கு மஞ்சக் கேக்குதா? யாருக்குக் காட்டறதுக்குடி? மொத மவன முழுங்கினது பத்தலையா, ரெண்டாவதையும் முழுங்கணுமா?"

இன்னும் சொன்னார். எழுதக் கூசும் வார்த்தைகள். வேலைக்கு வந்த பெண்கள் நின்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். நான்தான் வைத்தேன் என்று இரண்டு வார்த்தை.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். மாமியாரைப் பார்த்து வந்த பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது இல்லை. உள்ளே என் வீட்டுக்காரர் நடுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டில் கால் தரையில் தடதடக்கிற சத்தம். அந்த நேரத்தில் நான் நம்பினேன். மாமியார் சொன்ன அவ்வளவையும் நம்பினேன். என் கையால் நானே என் தாலியை அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கும் வெள்ளைச் சீலை, எனக்கும் அந்தச் சேறு என்று நினைத்தேன்.

"நீ வாடி இங்க" என்றார் மாமியார் என்னைப் பார்த்து. "ஒன் தாலிக்குத்தான் கேடு. நீயே தேச்சுக் கழுவு. மஞ்சக்கற ஒரு பொட்டு இருக்கப்படாது."

தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போனேன். சவுக்காரக் கட்டியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் கறை தோலில் ஏறினால் லேசில் போகாது. விரல் இடுக்கில், புதுத் தோல் ஓரத்தில், வெடிப்பில் எல்லாம் ஏறியிருந்தது. தேய்த்தேன். புதுத் தோல் நாரோடு வந்தது. ரத்தம் வந்தது. ரத்தத்துக்கு அடியில் மஞ்சள் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். அக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். நாலு நாளாக நான் கட்டிய காலை நானே உரித்தேன். யாரும் என் கையைப் பிடித்துத் தேய்க்கவில்லை.

மாமியார் வந்து குனிந்து பார்த்தார். "ம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "போயி வேலையப் பாரு. கொப்பரை நாளைக்கி எட்டு மணிக்கிப் போயிடும்" என்றார்.

அவள் திரும்பவும் அந்தச் சாணிச் சேற்றுக்குள் இறங்கினாள்.

என் வீட்டுக்காரருக்கு அரூரிலிருந்து மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார் மாமனார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரையால் விட்டது என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. காலைக் கழுவியதால் விட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

மகன் பிழைத்ததற்கு மாமியார் தீர்த்தமலைக்கு வேண்டியிருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நடந்ததும் வண்டி கட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் போனோம். மலையேறித் தீர்த்தத்தில் குளித்து, புளிச்சோறு சாப்பிட்டு, மெதுவாக இறங்கி வந்தோம். தீர்த்தக் கரையில் மாமியார் என் முகத்துக்கு அவர் கையாலேயே மஞ்சள் பூசிவிட்டார். "நீ மவராசியா இருக்கணும்டி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அக்காவின் ஞாபகமே எனக்கு இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. கோழி விரட்ட அக்காவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தோம். அக்கா காவலுக்குத்தான் படுத்திருந்தாள். வெயிலில் படுத்திருந்தாள், குளிருகிறது என்றாள். கட்டை அவிழ்த்தால் இரண்டு விரல் கறுத்து, அந்தக் கறுப்பு மூன்றாவது விரலுக்கு ஏறியிருந்தது. கணுக்கால்வரை பளபளவென்று வீக்கம்.

என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கி வண்டியில் போட்டார். அதற்காக அவரை நான் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் வாசலில் நின்று, "புண்ணுன்னா எனக்குத் தெரியாதா, நானே பாத்துக்க மாட்டனா?" என்றார்.

"நீங்க பாத்த லச்சணந்தான் தெரியுதே, போங்கம்மா" என்றார் அவர். அந்த வீட்டில் மாமியாரை எதிர்த்து ஒருவர் பேசியது அன்றுதான்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடனே, விரல் மூன்றும் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம் என்றார். இவ்வளவு நாள் என்ன பண்ணினீர்கள் என்று என்னைக் கேட்டார். மஞ்சள் வைத்தோம் என்றேன். மஞ்சள் எல்லாம் வைத்தால் போதுமா, ஊசி போட வேண்டாமா என்று கத்தினார். அவர் கத்தியது சரி. நாங்கள் மஞ்சளை எடுத்த கதையை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்குப் புரியுமா?

மூன்று விரலோடு நின்றது. இருபது நாள் கழித்துக் கோலூன்றி வந்தாள்.

வந்த வாரமே மாமியார் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தார். பிரிப்பது, புடைப்பது, மஞ்சளைச் சாக்கில் கட்டித் தரையில் தேய்த்துத் தோல் எடுப்பது. "கால் போனாலும் கை இருக்குதில்ல" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார். ஒன்று சொல்ல வேண்டும். நாலைந்து வருஷம் கழித்து மாமனார் செத்த பிறகு மாமியாருக்கு இடுப்பில் அக்கி வந்து கொப்புளமாய் எரிந்தது. மஞ்சள் அரைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு என் மூஞ்சியில் துப்பாத குறை. ஒரு பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. எரிச்சலோடேயே கிடந்தார். ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைக்கவில்லை. அதனால் அவரை மன்னித்தேன் என்று நினைக்க வேண்டாம்.

அக்கா அந்த நாரைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். சிரிப்பது மட்டும் நின்றுபோனது.

அடுத்த மஞ்சள் வெட்டில், கிழங்குக்கு மேலே நிற்கும் தாளை அறுக்கும்போது அரிவாள் என் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. மாமியார் அக்காவைக் கூப்பிட்டு, "அரைச்சுப் போடுடி அவளுக்கு. மாசமா வேற இருக்கறா" என்றார்.

அக்கா கோலை ஊன்றி எழுந்தாள். நல்ல குண்டு மஞ்சளாகப் பார்த்து எடுத்தாள். மையாக அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்து எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நீட்டிய காலில் விரல் இல்லாத இடம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது முழுசாக ஆறவே இல்லை, நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

என் கையை விரித்து, கழுவி, துடைத்து அப்பினாள். எரிந்தது. கையை இழுத்தேன்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. ரெண்டே நாளு."

"அக்கா..." என்றேன்.

"ஒனக்கு வெக்கலாம். நீ ஆட்டாத கைய."

கட்டி முடித்தாள். அவள் உள்ளங்கை நிறைய மஞ்சள் மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து, கோலை ஊன்றி ஊன்றி மாட்டுக்கொட்டகை வரைக்கும் போய், செவலைக் காளையின் கழுத்தில் அவ்வளவையும் தடவிவிட்டு வந்தாள். அந்தக் காளைக்கு அப்போது புண்ணே இல்லை.